எறும்பு தின்ற பாதை

கேள்வித்தாளோடு வீடு வீடாக ஏறி இறங்குவது பழைய முறை என்று எங்கள் பேராசிரியர் ஒரு நாள் அறிவித்தார். எனக்குச் சந்தோஷம்தான். அவருடைய ஆராய்ச்சியில் உதவியாளராகச் சேர்ந்ததிலிருந்து, சாப்பாட்டு நேரம் பார்த்து ஒரு வீட்டுக்குள் நுழைந்து "எத்தனை பேர், என்ன வருமானம், கடைசியாகக் கறி சாப்பிட்டது எப்போது" என்று கேட்டுக் கேட்டு, எனக்கே என் முகம் பிடிக்காமல் போயிருந்தது. இனிமேல் நாம் எதையும் கேட்க வேண்டாம் என்றார். மக்களே தங்கள் ஊரைத் தரையில் வரைந்து காட்டுவார்கள், நாம் வாயைத் திறக்காமல் ஓரமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பங்கேற்பு முறை என்று அதற்குப் பெயர். சமூக அறிவியலில் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. புதிதாக வந்த எதையும் அவர் விட்டுவைத்ததில்லை.

வரைவதற்குக் கோலப்பொடி வேண்டும். குடவாசல் கடைத்தெருவில் ஐந்து நிறத்தில் வாங்கினேன். கடைக்காரர், "மார்கழிக்கு இன்னும் நாள் கிடக்கே?" என்றார். ஆராய்ச்சிக்கு என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

நாங்கள் போன ஊர் குடவாசலைத் தாண்டி உள்ளே தள்ளி இருந்தது. நடுவில், நெல் காயப்போடுவதற்குப் பஞ்சாயத்து கட்டிக்கொடுத்த சிமெண்டுக் களம். களத்துக்கு வடக்கே மிராசுதாரும் அவரைச் சேர்ந்தவர்களும். தெற்கே விவசாயக் கூலி வேலை செய்கிறவர்களின் தெரு. அதையொட்டி மிராசுதாரின் வயல், வயலைத் தாண்டிச் சுடுகாடு. ஆவணி மாதம். ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்காலில் இடுப்பளவு ஓடியது. சம்பாவுக்கு விட்டிருந்த வயல்கள் மட்டும் இன்னும் புழுதியாகக் கிடந்தன. நான் பேராவூரணிக்காரி. எங்கள் பக்கம் நிலத்தகராறு என்றால் தேங்காய் எந்தப் பக்கம் விழுந்தது என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். இங்கே நிலைமை வேறு என்பது எனக்கு அப்போது தெரியாது.

தெற்குத் தெருப் பெண்கள் வரைய வந்தார்கள். முதலில் வெட்கப்பட்டார்கள், பிறகு எங்களை மறந்தே போனார்கள். ஆறு நீலம், வயல் பச்சை, கோயில் மஞ்சள். மிராசுதார் வீட்டுக்கு ஒரு தீப்பெட்டியை வைத்தார்கள். வேவு பார்க்க வந்து நின்ற அவருடைய காரியக்காரருக்கு அது பொறுக்கவில்லை.

"எங்க ஐயா வீடு மூணு கட்டு வீடு. அதுக்குத் தீப்பெட்டியா?"

ஒரு பெண் செங்கல்லைத் தூக்கிவந்து வைத்தாள். அவர் சமாதானமானார். பேராசிரியர் என் காதருகே குனிந்து, "அதிகாரம் எப்படி வெளிப்படுது பாரும்மா" என்றார். நான் செங்கல்லைப் பார்த்தேன்.

அப்போது ஒரு அக்கா வெள்ளைப் பொடி கேட்டார். நடவுக்குப் பெண்களைக் கூட்டிப் போகிறவர் அவர்தான். நாற்பது வயது இருக்கும். வெள்ளை தீர்ந்திருந்தது. வீட்டுக்குப் போய் ஒரு கிண்ணம் அரிசி மாவு எடுத்துவந்து, தெற்குத் தெருவில் தொடங்கி, மிராசுதார் வயலின் குறுக்கே, சுடுகாடு வரைக்கும் நிறுத்தாமல் ஒரு கோடு போட்டார். மற்றப் பெண்கள் பொடியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள்.

அந்த இடத்தில் முன்பு பாதை இருந்தது. மிராசுதார் அதை உழுது வயலோடு சேர்த்துக்கொண்டார். அதிலிருந்து தெற்குத் தெருவில் யார் செத்தாலும் பாடையோடு வாய்க்காலில் இறங்கிச் சுற்றித்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். மனு கொடுத்தார்கள். ஆட்சி மாறியது. மறுபடி கொடுத்தார்கள், மறுபடி மாறியது. முந்தின வருஷம் அக்காவின் மாமியார் செத்தபோது, நடு வாய்க்காலில் தூக்கினவருக்குக் கால் சறுக்கி, பிணம் தண்ணீரோடு போய்விட்டது. மதகில் தட்டி நின்ற இடத்திலிருந்து மீட்டுக் கொண்டுவந்தார்கள். இப்போது மாமனார் படுக்கையில் இருந்தார், எந்த நேரமும் போய்விடலாம் என்ற நிலைமை.

"எங்க மாமாவைத் தண்ணியில விடமாட்டேங்க," என்றார் அக்கா. சத்தம் போடவில்லை. மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

காரியக்காரர் ஓடினார். கொஞ்ச நேரத்தில் மிராசுதார் புல்லட்டில் வந்து இறங்கினார். கோட்டைப் பார்த்ததும் அழிப்பதற்குச் செருப்புக் காலைத் தூக்கினார். வாயையே திறக்கக் கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர், "சார், அது தரவு! தரவை மிதிக்காதீங்க!" என்று கூவினார்.

மிராசுதாரின் கால் அந்தரத்திலேயே நின்றது. தரவு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் கோர்ட்டு வாசலில் பாதி ஆயுளைக் கழித்தவர்.

"நான் அழிச்சா பாதை இருந்துச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்," என்றார் காரியக்காரரிடம். "இல்லாததை எவனாவது அழிப்பானா?"

"அப்ப விட்டுரலாங்களா?"

"விட்டாலும் ஒத்துக்கிட்ட மாதிரிதான்யா."

காலைக் கோட்டுக்கு வெளியே வைத்தார். கோட்டின் மேல் யாரும் நடந்துவிடாமல் பார்த்துக்கொள்ள இரண்டு ஆள் போட்டார். கோட்டை யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளத் தெற்குத் தெருவும் இரண்டு ஆள் போட்டது. நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து ஒரே கட்டுப் பீடியைப் பங்குபோட்டுக்கொண்டார்கள்.

சாயங்காலத்துக்குள் ஒரு போலீஸ்காரர் வந்து, பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுற்றிலும் போட்டு, கயிறு கட்டி, வரைபடத்துக்கு வேலி போட்டார். ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் வந்தார். சிமெண்டில் குழி தோண்ட முடியாது என்பதால் பெயிண்ட் டப்பாவில் மண் கொட்டி, வரைபடத்தின் பஸ் நிறுத்தத்தில் கட்சிக்கொடியை நிறுத்தினார். எதிர்க்கட்சிக்காரர் சும்மா இருப்பாரா? ரேஷன் கடையில் இன்னொரு டப்பா. பாதை தங்கள் ஆட்சியில்தான் போடப்பட்டது என்று இருவரும் சொன்னார்கள். எந்தப் பாதை என்று யாரும் கேட்கவில்லை. விசாரணை முடியும்வரை படத்தில் தற்போதைய நிலையே நீடிக்க வேண்டும், யாரும் அதில் கால் வைக்கக் கூடாது என்று தாசில்தாரிடமிருந்து உத்தரவு வந்தது. மழை தூறியதும் படத்தை மூடத் தார்ப்பாய் வந்தது. தெற்குத் தெருவில் பாதிக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, அதற்கு ஒரு கந்தல் தார்ப்பாய்கூட யாரும் அனுப்பியதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் தார்ப்பாயைத் தூக்கினால் பாதையில் கால்வாசியைக் காணோம். எறும்பு. மற்றதெல்லாம் கல்மாவு, பாதை மட்டும் அரிசி. மிராசுதார் ஆள்கள் சர்க்கரை தூவி எறும்பை வரவழைத்தார்கள் என்றது தெற்குத் தெரு. எறும்பே ஒத்துக்கொள்ளாத பாதை எப்படி ரஸ்தா ஆகும் என்றார் காரியக்காரர். எறும்புப் பொடி போடலாமா என்று போலீஸ்காரர் மேலிடத்தைக் கேட்டார். தற்போதைய நிலை என்பதில் எறும்பும் சேர்த்தியா என்று மேலிடத்துக்கும் தெரியவில்லை. பின்னால் எழுதிய அறிக்கையில், முறையின் குறைபாடுகள் என்ற தலைப்பில் பேராசிரியர் எறும்புக்குத் தனியாக ஒரு பத்தி கொடுத்தார்.

அன்று மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். மாமனார் கயிற்றுக் கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"பாதை இருக்கா?"

"இருக்கு மாமா. எறும்பு கொஞ்சம் தின்னுருச்சு."

"தாசில்தார் எப்ப வர்றாராம்?"

"நாளான்னிக்குங்கறாங்க."

"சரி, அதுவரைக்கும் பொறுத்துக்கறேன்," என்றார், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி. பிறகு என் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, நாலு பேரு போற அகலம் இருக்குமா?"

தாராளமாகப் போகலாம் ஐயா என்றேன். கோடு இரண்டு விரல் அகலம்கூட இல்லை. வெளியே வந்து, வேலியோரமாக நின்று அழுதேன்.

தாசில்தார் வந்த அன்று களம் நிறைந்துவிட்டது. மிராசுதார் வடக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வயலில் காவல் போட்டிருந்த ஆள்களையும் கூட்டிவந்திருந்தார், சண்டை களத்தில்தானே என்று. தெற்கே, வயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெற்குத் தெருப் பெண்கள் தோளோடு தோள் நெருக்கி நின்றார்கள். ஆண்கள் ஒருவர்கூட இல்லை.

"ஆம்பளைங்க எங்க?" என்றார் தாசில்தார்.

"வேலைக்குப் போயிருக்காங்க," என்றார் அக்கா.

பெண்களின் பங்கேற்பு இவ்வளவு அதிகமா என்று பேராசிரியர் பூரித்துப்போனார். டீ வந்தது. நான் ஒரு டம்ளரை நீட்டினேன், அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார். மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "தூங்குறாருங்க" என்றார்.

தாசில்தார் டேப்பை விரித்து மாவுக் கோட்டை அளந்தார். "இதுல பாடை போகாதே?" என்றார்.

"அதைத்தாங்க நானும் சொல்றேன்!" என்றார் மிராசுதார்.

"ஐயா, இன்னொரு தடவை அளங்க," என்றார் அக்கா. அளந்தார். "அந்தப் பக்கத்திலேருந்து அளங்க." அதையும் அளந்தார். மதகு எங்கே, பழைய வரப்பு எங்கே, மாமியார் விழுந்த இடம் எங்கே என்று அக்கா ஒவ்வொன்றாகக் காட்டினார். கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னார். எல்லோரும் குனிந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பெண்களின் தலைக்கு மேல் புழுதி எழுவதை முதலில் கண்டவர் காரியக்காரர். "ஐயா, வயலு!"

நிமிர்ந்து எட்டிப் பார்த்தோம். பழைய பாதை இருந்த அதே இடத்தில், புழுதி வயலின் குறுக்கே, நாலு பேர் தோளில் பாடை போய்க்கொண்டிருந்தது. பின்னால் தெற்குத் தெரு ஆண்கள் அத்தனை பேரும். பறை இல்லை, சங்கு இல்லை, வெடி இல்லை. மாமனார் விடியற்காலையிலேயே போய்விட்டிருக்கிறார். தெரு முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறது.

மிராசுதார் பாய்ந்தார். போலீஸ்காரர் குறுக்கே கையை நீட்டினார். "ஐயா, படத்தை மிதிக்கக் கூடாதுங்க. உத்தரவு." சுற்றி ஓடினார், அங்கே பெண்கள் நகரவில்லை.

"தாசில்தார் சார், பாருங்க! என் வயல்ல போறானுங்க!"

தாசில்தார் வயலைப் பார்த்தார், குனிந்து படத்தைப் பார்த்தார். "என் உத்தரவு இந்தப் படத்துக்குத்தாங்க. இதுல யாரும் நடக்கலையே."

அந்தத் தடத்தை மிராசுதாரால் மறுபடி உழ முடியவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். டிராக்டர் ஓட்டுகிறவனும் தெற்குத் தெருக்காரன்தான்.

பாடை சுடுகாட்டு மேட்டில் ஏறியதும்தான் அக்கா திரும்பினார். அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் ஒரே குரலாக வந்தது. "போயிட்டீங்களே மாமா! நனையாமப் போயிட்டீங்களே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். பிறகு சட்டென்று நிறுத்தி, "வாய்க்கரிசி போடலையே நான்" என்றார். எங்களை இங்கே பிடித்துவைப்பதற்காக, அவர் அங்கே பிணத்தின் பக்கத்தில் இல்லாமல் போயிருந்தார்.

வேலிக்குள் நுழைய அவர் குனிந்தபோது போலீஸ்காரரே கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். அக்கா பச்சைப் பொடி வயலை மிதித்துக்கொண்டு உள்ளே போய், எறும்பு தின்றது போக மிச்சமிருந்த பாதை முழுவதையும் இரண்டு கையாலும் வழித்து அள்ளி, சுடுகாட்டைப் பார்த்து வீசினார். பேராசிரியர் வாயைத் திறக்கவில்லை.