ஏழு ட்ரை

கோழிக்கூட்டின் கதவைத் திறக்கும்போதே சுகிர்தன் வாயையும் திறந்துவிடுவார். "இதோ, சிவப்புச் சேவல் இடது ஓரமாகப் பாய்கிறது! வெள்ளைப் பேடு குறுக்கே வருகிறது! தடுக்குமா? ஆமா, தடுத்துவிட்டது!" குசினிக்குள் புட்டு அவித்துக்கொண்டு நிற்கும் மனைவி பிரியந்தினிக்குக் காலை ஆறு மணிக்கே தலையிடி தொடங்கிவிடும்.

"இஞ்சாருங்கோ, கோழிக்கு விளங்கிறமாதிரிக் கதையுங்கோ. ஆமாவாம் ஆமா! ஆர் வீட்டு ஆமா?"

"பழகவேணுமப்பா. ஆமாவுக்கு ஓம் எண்டு வாயில வந்துதோ, வேலை போச்சு."

வன்னியில், உடையார்கட்டு ஊரில் சுகிர்தனைத் தூரத்திலேயே அடையாளம் காணலாம். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. தலை நேரே தோளில் உட்கார்ந்திருக்கும். எட்டுப் பேரும் எட்டுப் பேரும் குனிந்து மாடுகள்போல் முட்டுகிற றக்பி விளையாட்டில், பதினொரு வருடம் முன்வரிசையில் நின்றவர். அந்த முட்டலில் இடது காது வீங்கிக் கொழுக்கட்டையாகி அப்படியே இறுகிவிட்டது. தொலைக்காட்சிக்காரர்கள் கொடுத்த ஹெட்போன் அந்தக் காதில் நிற்பதில்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் வர்ணனை சொல்வார். வலது முழங்கால் மடங்காது. கச்சான் கடலைத் தோட்டக்காரரின் ஒரே மகனுக்கு முழங்கால் மடங்காவிட்டால் வேறென்ன இருக்கிறது? குனிந்து ஒரு புல்லுப் பிடுங்க வக்கில்லை. உட்கார்ந்து வாயால் செய்கிற இந்தத் தொலைக்காட்சி வேலை ஒன்றுதான் அந்தக் காலுக்குப் பொருந்தி வந்திருந்தது. அதனால்தான் பிரியந்தினி கோழி வர்ணனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

சமாதான காலத்தில், பதின்மூன்று வயதில், மாத்தளையிலிருந்த தாய்மாமன் வீட்டுக்குப் படிக்கப் போனவர் சுகிர்தன். படிப்பு ஏறவில்லை, உடம்பு ஏறியது. பாடசாலைப் பயிற்றுநர் அந்தத் தோளைப் பார்த்துவிட்டு விடவில்லை. பிறகு கொழும்பில் ஒரு கழகம். போரால் பாதை பூட்டியிருந்த வருடங்களில் மகன் என்ன விளையாடுகிறான், யாரோடு முட்டுகிறான் என்று ஊருக்கு ஒரு சேதியும் வரவில்லை. எல்லாம் முடிந்து, கால் முறிந்து, அவர் ஊர் திரும்பியபோது கையில் பத்திரிகைத் துண்டு ஒன்று இருந்தது: ‘பதினொரு பருவங்களில் ஏழு ட்ரை வைத்த சுகிர்தன் ஓய்வு.’

எதிரணியின் கோட்டைத் தாண்டிப் போய்ப் பந்தை நிலத்தில் அழுத்தி வைத்தால், றக்பியில் அதற்குப் பெயர் ட்ரை. ஐந்து புள்ளி. முன்வரிசைக்காரன் ஒருவன் ஏழு வைப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் உடையார்கட்டில் ட்ரை பண்ணினான் என்றால் முயன்று பார்த்தான், சரிவரவில்லை என்றுதான் அர்த்தம். பக்கத்து வீட்டுச் சிவலட்சுமி துண்டை வாசித்துவிட்டு, "ஏழு தரம் ட்ரை பண்ணியிருக்குது, பாவம். ஒண்டெண்டாலும் சரிவந்திருக்கலாம்" என்று பெருமூச்சு விட்டாள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய தகப்பன் சுடலைமுத்து மட்டும் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். "முடியலன்னா என்ன? ஏழு வாட்டி முயற்சி பண்ணியிருக்கான்ல" என்றார்.

சுகிர்தனுக்கு அது முள்ளாகக் குத்தியது. ஏழையும் விளங்கப்படுத்த ஏழு வருடமாக முயல்கிறார். அதுவும் ட்ரைதான்.

போன மாதம் ஒரு தமிழ்த் தொலைக்காட்சி, பாடசாலை றக்பிக்குத் தமிழில் வர்ணனை சொல்ல அவரைக் கூப்பிட்டது. மூன்று ஆட்டம் பரீட்சார்த்தம். பிடித்தால் பருவம் முழுக்க வேலை. பொறுப்பாளர் ஜனார்த்தனன் முதல் ஆட்டம் முடிந்ததுமே குரற்செய்தி அனுப்பினார். "அண்ணே, ஓம், எண்டு, இஞ்ச இதெல்லாம் வேணாம். ஊர்ப் பேச்சு கேட்டா மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க. மூணாவது மேட்சுலயும் வந்தா என்னால ஒண்ணும் பண்ண ஏலாது." இரண்டாவது ஆட்டத்தில் சுகிர்தன் கஞ்சி போட்ட சட்டைபோல் விறைத்துப் பேசினார். அருமையான ட்ரை, அபாரமான ட்ரை! வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த சுடலைமுத்து, "என்ன தாயி, இத்தினி பேருல ஒருத்தனாவது செஞ்சு முடிக்கலயா?" என்று மருமகளைக் கேட்டுவிட்டு மாடு அவிழ்க்க எழுந்து போனார்.

ஊர் திரும்பி அதைக் கேள்விப்பட்ட சுகிர்தனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு மட்டைத் தேங்காயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார்.

"அப்பா, வடிவாப் பாருங்கோ. பந்தைப் பின்னுக்குத்தான் எறியலாம்."

"முன்னுக்குப் போறதுக்குப் பின்னுக்கு எறியிறதா? கிறுக்கா உனக்கு?"

மடங்காத காலை இழுத்துக்கொண்டு ஓடிய சுகிர்தன் வேலியோரம் விழுந்து, தேங்காயை இரண்டு கையாலும் மண்ணில் அழுத்தினார். அது பிரியந்தினி முந்தினநாள் மிளகாய்க் கன்று நட்ட பாத்தி. நான்கு கன்று நசுங்கிப்போயிற்று.

"ஐயோ, என்ரை பாத்தி! நாலு கண்டையும் நசிச்சு, நடுவில தேங்காயை ஊண்டிப்போட்டுப் படுத்திருக்கிறியளே! இதென்ன, தேங்காய் ஊண்டுற விளையாட்டோ?"

சுகிர்தன் எழும்பவில்லை. மண்ணில் கிடந்தபடியே மனைவியைப் பார்த்தார். "என்ன சொன்னனீர்?" என்று கேட்டார். அவள் விளக்குமாற்றைத் தேடிப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மூன்றாவது ஆட்டம். அறுபது நிமிடம் ஒரு பிழையில்லை. ஆமா, என்று, இங்கே எல்லாம் அளந்து வைத்ததுபோல் வந்து விழுந்தன. வேலை கிடைத்துவிட்டது என்றே பிரியந்தினி நினைத்தாள். கடைசி நிமிடத்தில் முன்வரிசையில் நின்ற ஒரு குண்டுப் பையன் பந்தோடு கோட்டைத் தாண்டி விழுந்தான்.

"ஊண்டிட்டான்!" தொலைக்காட்சி அதிர்ந்தது. "ஊண்டிட்டானப்பா! ஓம், ஓம், ஊண்டிட்டான்!"

பிரியந்தினி தலையில் கைவைத்தாள். ஓம் ஒன்றல்ல, இரண்டு. சிறிது நேரத்தில் தொலைபேசி அடித்தது. சுகிர்தன்தான்.

"உங்களுக்கு விசரே? வேலையை விட்டெறிஞ்சிட்டியளே!"

"ஜனார்த்தனன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறார். மேலிடத்தில கேட்டுச் சொல்லுறாராம். அப்பா பாத்தவரோ?"

கிழித்துப்போடவென்று வாயைத் திறந்தவள் திரும்பிப் பார்த்தாள். சுடலைமுத்து கதிரையை விட்டு எழுந்து, சட்டம் போட்ட துண்டின் முன்னால் நின்றார்.

"தாயி, அப்ப இந்த ஏழும் ஊண்டுனதா?"

"ஓம் மாமா. ஏழும் ஊண்டினதுதான்."

கிழவர் வாசலை நோக்கித் திரும்பினார். கச்சான் விதையை ஊண்டிக் குழியை மூடுகிறவர்போல், சீமெந்துத் தரையில் குதிக்காலை ஊன்றி ஒருமுறை திருகினார். ஓரடி தள்ளி இன்னொன்று. பிரியந்தினி தொலைபேசியைக் காதில் வைத்தபடியே எண்ணினாள். ஏழாவதை மூடிவிட்டுத்தான் அவர் படியிறங்கினார்.