உரித்த இலைகள்

வெந்த இலையின் வாசனை, பூவரச இலையில் அம்மா அவிக்கும் கொழுக்கட்டையை நாக்குக்குக் கொண்டுவருகிறது. இலங்கை மலையகத்தில், நானுஓயா ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. குர்திஸ்தானில் வீட்டுவேலை செய்து திரும்பிய அக்கரப்பத்தனை ஊர் மல்லிகா, அங்கே கற்ற டோல்மாவை இன்றுதான் முதன்முதலாக விற்கிறார்; ஸ்டேஷன் முழுக்க அதே பேச்சு. திராட்சை இலைக்குள் சோறும் கறியும் வைத்துச் சுருட்டியது. நானும் இதை இதற்குமுன் கண்டதில்லை. ஆனாலும் பக்கத்து மேசைக் குடும்பம் விழிப்பதைப் பார்த்து, ஊர் ஊராய்த் திரிந்தவனின் மிடுக்கோடு சொல்கிறேன்: "இலையைத் தின்னக் கூடாதுங்க, உரிச்சிடுங்க."

எல்லோரும் உரிக்கிறோம்.

"இதுக்கா இவ்வளவு பேச்சு? வெறும் கறிச்சோறுதானே," என்கிறார் குடும்பத் தலைவர்.

அது மல்லிகாவின் காதில் விழுகிறது. "இலையோடதான் சாப்பிடணுங்க. யாழ்ப்பாணத்துலேருந்து பஸ்ஸுல வர்ற இலை."

உரித்ததில் ஒன்றை எடுத்து மெல்கிறேன். அத்தனை புளிப்பும் உப்பும் அதில்தான் இருக்கிறது. நிமிர முகமில்லை.

வாசலில் மல்லிகாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

"அங்க மொத நாளு நானும் உரிச்சேங்க. வீட்டம்மாதான் பக்கத்துல உக்காந்து தின்னு காட்டுனாங்க. நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா நானும் வந்து உக்காந்திருப்பேனே, ஐயா."