நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில்

நாற்பத்தோரு பாடத்துக்கான கூலியை லிஃப்ட் அக்காவுக்குப் பதினோரு வருடம் நான் கொடுக்கவில்லை. கையில் காசு இருந்தும் கொடுக்கவில்லை.

நான் படித்தது நாலாம் வகுப்பு. இன்று பதினேழு கட்டடங்களில் லிஃப்ட் ஏறி இறங்குவது என் கைராசியில். மோட்டார் சத்தத்தைக் கேட்டே எங்கே எண்ணெய் குறைகிறது என்று சொல்வேன். பட்டம் வாங்கினவன் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணன் சொன்னது சரிதான்" என்பான். அப்பேர்ப்பட்ட என்னை, முப்பது வயதில், லிஃப்ட் மெக்கானிக் லைசென்ஸ் பரீட்சையில் இரண்டே நிமிடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். வாய்மொழிப் பரீட்சை, எல்லாம் இங்கிலீஷ். கேள்வி எனக்குப் புரியத்தான் செய்தது. கயிறு அறுந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார் அதிகாரி.

"மை ரோப் நோ கட், சார்," என்றேன்.

திரும்பக் கேட்டார். நானும் அதையே சொன்னேன், கொஞ்சம் சத்தமாக. நான் பார்க்கிற கயிறு எப்படி அறும்?

இரண்டு மாதம் கழித்து இன்னொரு வாய்ப்பு. அதிலும் தவறினால் ஆயுசுக்கும் எண்ணெய்க் குவளை தூக்கவேண்டியதுதான்.

நான் எண்ணெய் போட்டுவந்த ஏழு மாடிக் கட்டடத்தில் கைப்பிடி திருப்பி லிஃப்ட் ஓட்டியவர்தான் அக்கா. என்னைவிட நாலு வயது மூத்தவர். ஆடுகிற ஸ்டூலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்து உட்கார்ந்திருப்பார். மடியில் அட்டை கிழிந்த இலக்கணப் புத்தகம். யாரோ லிஃப்ட்டில் மறந்து விட்டுப்போனது. ஆனால் அக்கா இங்கிலீஷ் கற்றது முக்கால்வாசி காதால். மூன்றாம் மாடிக்காரர் "இஃப் ஹி டஸின்ட் பே..." என்று ஆரம்பிப்பார், கதவு திறக்கும், இறங்கிப் போய்விடுவார். மீதி வாக்கியத்தை அக்கா தனியாக மேலே போகும்போது முடித்துக்கொள்வார். அப்படி எத்தனை ஆயிரம் பேர் விட்டுப்போன பாதிகளை முடித்துவைத்தாரோ!

எனக்கும் இங்கிலீஷ் சொல்லித்தரச் சொல்லிக் கேட்டேன். "பாடத்துக்கு ஒரு பத்து ரூபா நோட்டு. அதுவும் நீ பாஸானாத்தான்," என்றார்.

"ஆவேன்க்கா."

"'பாஸானா'ன்னு சொல்லிப் பழகுப்பா மொதல்ல."

மதியம் எல்லா ஆபீசும் சாப்பிடப் போனதும், நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நிறுத்துவார். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் வெறும் செங்கல் சுவர். மேலே ஒரு மங்கல் விளக்கு. பெட்டி லேசாக ஆடும், தொட்டில் மாதிரி.

"கண்ணை மூடு. கயிறு அறுந்தா?"

"அறாதுக்கா."

"உன் பெருமையைக் கீழ்மாடில இறக்கி வச்சுட்டு வா. சும்மா நெனச்சுப் பாக்கறதுக்குமா உனக்கு கஞ்சத்தனம்?"

நடக்கக்கூடியது என்றால் முதல் பாதி சாதாரணமாக வரும், மறு பாதியில் 'வில்'. வெறும் கற்பனை என்றால் முதல் பாதியைப் பழைய காலமாக்கு, மறு பாதியில் 'வுட்'. 'இஃப்' இருக்கிற பாதியில் இந்த இரண்டையும் சேர்க்காதே. இவ்வளவுதான் அக்காவின் பாடம். பிறகு அவரே ஒன்று சொல்வார்: "இஃப் திஸ் பாக்ஸ் ஹேட் எ விண்டோ, ஐ வுட் லுக் அட் தி ஸீ." இந்தப் பெட்டிக்கு ஜன்னல் இருந்தால் கடலைப் பார்ப்பேன். அவர் சொல்லச் சொல்ல, மூடிய கண்ணுக்குள் அந்தச் செங்கல் சுவர் மெல்ல நீலமாகும். காற்று கூட வந்த மாதிரி இருக்கும். இருபதாவது பாடத்தில் என் கயிறும் அறுந்தது. கம்பிக் கதவை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"மூணாவது ஒண்ணு இருக்கு," என்றார் கடைசி நாள். "முடிஞ்சுபோனதை மாத்த முடியாதுன்னு தெரிஞ்சே சொல்றது. அது உனக்கு வேணாம்."

பரீட்சையில் நிமிர்ந்து நின்று சொன்னேன்: "இஃப் தி ரோப் ப்ரோக், தி ஸேஃப்டி கியர் வுட் கிரிப் தி ரெயில்ஸ். ஐ வுட் ஸ்விட்ச் ஆஃப் தி மெயின், அண்ட் கவுண்ட் தி பீப்பிள்." கயிறு அறுந்தால் பெட்டியின் பிடிப்பான் தண்டவாளத்தைக் கவ்வும்; மெயினை அணைத்துவிட்டு உள்ளே இருப்பவர்களை எண்ணுவேன். லைசென்ஸ் கைக்கு வந்தது.

நான் வேலை பார்த்த பட்டறையில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "யாருப்பா சொல்லிக்குடுத்தது?"

"எவன் சொல்லிக்குடுக்கணும்? நானா கத்துக்கிட்டேன்."

சொன்னதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. காசு கொடுக்கப் போனால் யாராவது பார்ப்பார்கள், கேட்பார்கள். அந்தக் கட்டடத்துக்கு வேறு ஆளை அனுப்பினேன். சொந்தப் பட்டறை போட்டேன். எல்லோரிடமும் அதே கதையைச் சொன்னேன்.

பதினோராம் வருடம் அங்கே கயிறு மாற்றும் வேலை எனக்கே வந்தது. நாலு ஆட்களோடு ஏறினேன். அதே ஸ்டூல். அக்கா புத்தகத்தைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

"வாப்பா எண்ணெய்! கயிறு எப்படி இருக்கு?"

ஆட்கள் சிரித்தார்கள். கைப்பிடியைத் திருப்பினார். பெட்டி கனவில் போவது போல ஏறி, அந்தச் செங்கல் சுவருக்கு முன்னால் நின்றது.

"அப்பவே குடுத்திருந்தா ஒரு கண்ணாடி வாங்கியிருப்பேன்," என்றார், சுவரைப் பார்த்து. "கடைசி அத்தியாயம் படிச்சிருப்பேன். எழுத்து ரொம்பப் பொடி."

கோபமே இல்லை குரலில். எனக்கு வேண்டாம் என்று அவர் விட்டுவைத்த அதே மூன்றாவது பாடம்.

"என்ன பாக்கிண்ணே?" என்றான் ஒருவன்.

"இங்கிலீஷ் நானா கத்துக்கலடா. இவங்கதான், இதே பெட்டிக்குள்ள சொல்லிக்குடுத்தாங்க. நான்தான் காசு குடுக்கல."

"அப்ப நீங்க சொன்னதெல்லாம்..."

"பொய்டா."

பர்ஸை எடுத்தேன். ஒரு கட்டாக நீட்டினேன்.

"நாப்பத்தொண்ணு. அதுக்கு மேல வேணாம். எண்ணு."

கைப்பிடி தேய்த்துத் தேய்த்துப் பளபளத்துப்போன உள்ளங்கையை விரித்தார். ஆட்கள் பார்க்க, வாய்விட்டு எண்ணி, ஒவ்வொரு நோட்டாக அதில் வைத்தேன், நாற்பத்தொன்று வரை.