யானை இல்லாத பாடம்

செய்தி வாட்ஸ்ஆப்பில் வந்தது. இதழ்கள் உதிர, விளக்கு சுழல, பின்னணியில் ஒரு சோகப் பாட்டு. இறந்தது யார் என்று தெரிந்துகொள்ள அந்த வீடியோவை நான் இரண்டு முறை பார்க்க வேண்டியிருந்தது. ரெஜினா மேடம். இதைப் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

சுரங்க வேலைக்கு வரும் கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பாதுகாப்புப் பாடம் எடுக்கும் எங்கள் பயிற்சிக்கூடத்தில் உங்களில் பலர் அவரிடம் படித்தவர்கள். எங்கள் அதிகாரி ஆசையாசையாய் என்னை ஒரு வீடியோ செய்ய வைத்தது நினைவிருக்கும். ஹெல்மெட் போட்ட குட்டி யானை ஆடும். பழுப்பு நிலக்கரி உருவான கதை வரும். பேசும் வார்த்தைகளே கீழே எழுத்தாக ஓடும். நடுவில் எங்கோ, நிலக்கரியைச் சுமந்து ஓடும் பெல்ட்டில் துணி மாட்டினால் பக்கத்திலிருக்கும் கயிற்றை இழுத்து நிறுத்த வேண்டும் என்பதும் வரும்.

வீடியோ முடிந்ததும் மேடம் கேட்டார்: "பெல்ட்டுல சட்ட மாட்டிகினா இன்னா செய்வீங்க?" கம்மாபுரத்துக்காரர் ஒருவர் மட்டும், "யான நல்லா ஆடிச்சிங்க" என்றார். மேடம் அதிகாரியிடம் திரும்பினார். "சார், யானையக் காப்பாத்திட்டோம். ஆளுங்களுக்கு இன்னா வழி?"

பிறகு தன் போனிலேயே ஒரு பாடத்தைப் படம்பிடித்தார். ஒரு கை, ஒரு கயிறு, நிற்கும் பெல்ட், அவர் குரல். அவ்வளவுதான். தொடக்கத்தில் லேசாக இசை சேர்த்துக் காட்டி, இருக்கட்டுமே என்று நானும் நச்சரித்தேன். "பாட்டு கேக்கணும்னா வூட்டுல கேளுங்க. இங்க அவங்க ஒண்ண ஞாபகம் வெச்சிக்கணும். அதோட சண்டைக்கு நிக்கிறத எல்லாம் எடுத்துடுங்க" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. எடுத்துவிட்டேன்.

யானையைப் பாராட்டிய அதே மனிதரின் கூட்டாளிக்கு ஒருநாள் சட்டைக் கை பெல்ட்டில் சிக்கியது. இவர்தான் கயிற்றை இழுத்தார். எப்படித் தோன்றியது என்று கேட்டோம். "தெரியலைங்க. அந்த வீடியோல வர்ற கைதான் கண்ணுல நின்னுச்சி." மேடம் அன்று கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

நேற்று அதிகாரி என்னைக் கூப்பிட்டார். அந்தப் பாடத்தின் தொடக்கத்தில் மேடம் படம், பூக்கள், கொஞ்சம் இசை சேர்க்க வேண்டுமாம். "அஞ்சலி செலுத்த வேணாமா?" என்கிறார். எத்தனை தடவை சொல்லியும் ஏறாத மண்டைக்கு இனி யார் சொல்வது? நான்தான் சொல்ல வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அவர் எடுத்தபடியே அந்தப் பாடம் என்னிடம் இருக்கிறது. அதில் அவர் முகம் இல்லை, பெயர்கூட இல்லை. திங்கட்கிழமை புது ஆட்கள் வருகிறார்கள். அவர் குரல் கேட்கும்போது எனக்கு அழுகை வரும், அதனால் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வேன். அவர்கள் கயிற்றைப் பார்க்கட்டும்.