ஒரு கூடைப் பருத்தியும் வடிவு டீச்சரும்

இளையரசனேந்தலிலிருந்து சங்கரன்கோவில் திரும்பும் பஸ்ஸில் சித்தியும் நானும் உட்கார்ந்திருந்தோம். டிக்கெட் கிழித்துக் கொடுத்த கண்டக்டர், "டீச்சர், உங்க ஸ்கூல் வடிவு டீச்சர் காலைல தவறிட்டாவளாம். தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் இருந்தார். தேறிவருகிறார் என்றுதான் சொல்லியிருந்தார்கள். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் வரும்வரை விடவில்லை.

எங்கள் பெண்கள் பள்ளியில் அவர் தாவரவியல், நான் தமிழ். ஒரே வயது என்பதால் 'ஏட்டி, வாட்டி' என்று உரிமையோடுதான் பேசிக்கொள்வோம். அவருடைய கோபமும் சத்தமான சிரிப்பும் அவரிடம் படித்த உங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. அவர் நாவல் படித்த விதம் எங்கள் ஸ்டாஃப் ரூமில் இருந்த சிலருக்குத்தான் தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் நாவல் வாசிக்க, மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்போம். வாசிக்கிறவருக்குக் கறியைத் தனியாக எடுத்து வைத்துவிடுவது வழக்கம். அந்த வருஷம் எடுத்தது, எல்லாரும் கொண்டாடிய ஒரு பழைய நாவல். நம் கரிசல் பக்கத்துக் கதை. ஒரு அண்ணன் 'நான், நான்' என்று தன் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டு போவார். தம்பி செத்துப்போகிறான். மழை பொய்த்து, காட்டிலிருந்து ஒன்றுமே வீடு வந்து சேராத வருஷம். தம்பி பெண்டாட்டிக்குக் கஞ்சி ஊற்ற வழியில்லாமல், மனம் உடைந்து, அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புகிறார். அந்த அத்தியாயத்தை நான்தான் வாசித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் முடித்தேன். கணக்கு டீச்சர் பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடினார்.

சில அத்தியாயங்கள் தள்ளி, கதையில் அதே பஞ்ச வருஷம், அந்த அண்ணன் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு நம் சங்கரன்கோவிலுக்கு வருகிறார். எல்லாரையும் போலக் கோமதி அம்மனுக்கு ஒரு கூடைப் பருத்தியை அள்ளி வீசிச் சூறை விடுகிறார்.

"நிறுத்துட்டி" என்றார் வடிவு டீச்சர். "இந்தப் பருத்தி எங்கேருந்து வந்துச்சு?"

விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வத்தலையும் நேர்ந்துகொண்டு வந்து தபசன்று வீசுவதை நாங்கள் வருஷந்தோறும் பார்க்கிறவர்கள்தான். ஆனாலும் அந்த வரி எங்கள் காதில் தட்டவில்லை. திருவேங்கடம் ஊர்ச் சம்சாரி வீட்டுப் பெண்ணான அவருக்குத் தட்டியது.

"விலைக்கு வாங்கிப் போட்டிருப்பாரு" என்று அந்த மனிதருக்காக நான் வாதாடினேன்.

"சரி, வாங்குனாருன்னே வச்சுக்கோ. ஆகாசத்துல வீசப் பருத்தி வாங்குதவருக்கு, வீட்டுல இருந்தவளுக்குக் கஞ்சி ஊத்த வழியில்லையோ? எப்படிப் பாத்தாலும் நம்மகிட்ட பொய் சொல்லுதாரு."

"இவ்வளவு பெரிய எழுத்தாளர் பொய் எழுதுவாரா?"

"எழுதுனவரு சொல்லல. கதை சொல்லுதவருதான் சொல்லுதாரு. எழுதுனவரு அந்தக் கூடைய நமக்காக அங்கன வச்சிட்டுப் போயிருக்காரு. நீ அழுதுக்கிட்டே வாசிச்ச. கண்ணுல தண்ணி நின்னா எழுத்து எப்படித் தெரியும்?"

தமிழ் படித்து, தமிழ் சொல்லிக்கொடுத்து, எத்தனையோ முறை அந்த நாவலைப் படித்தவள் நான். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தோம். வேறொரு புத்தகமாக இருந்தது. அந்தத் தம்பி பெண்டாட்டி நாவல் முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதையும் அவர்தான் காட்டினார். அவரைப் பார்க்கவே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

அதைக் காட்டிய அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது, யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். சித்தப்பா இறந்த பிறகு எங்கள் சித்தி பிறந்த ஊரான இளையரசனேந்தலுக்குப் போனவள், வரவே இல்லை. "போன்னு யாரும் சொல்லல, வராதேன்னும் சொல்லல. அவளாத்தான் போனா" என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

"சித்தி என்ன சொல்லுதா?"

"அவகிட்ட யாரும் கேக்கல."

"அப்பம் ஞாயித்துக்கெழம போவோம்."

போனோம். சித்தி வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் கை நின்றது.

"உங்கப்பா சொன்னது நெசந்தான் மக்கா. யாரும் போன்னு சொல்லல. காரியம் முடிஞ்சதும் எங்கம்மா கூட்டிட்டு வந்தா. ஆனா தாய் வீட்டுக்கு வந்தவள, வாக்கப்பட்ட வீட்டு ஆளு வந்துதான கூப்புடணும்? நானா எப்படி வாரது? பையக் கட்டியே வச்சிருந்தேன். ஒருத்தரும் வரலியே."

அப்பா சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சித்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இப்பம் கூப்புடவா வந்திருக்கிய?"

கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் போயிருந்தோம். நான் வாய் திறக்கும் முன், "ஆமா சித்தி, அதுக்குத்தான் வந்தோம்" என்று சொல்லிவிட்டு, வடிவு டீச்சர் அவருக்கே உரிய சத்தத்தோடு சிரித்தார்.

அன்றிலிருந்து சித்தி என் வீட்டில்தான் இருக்கிறாள். இப்போதும் பிறந்த வீட்டுக்குப் போனால், நான் போய்க் கூப்பிட்டால்தான் வருவாள். அந்தச் செய்தி வந்தபோது நாங்கள் பஸ்ஸில் இருந்ததும் அப்படித்தான்.

இதை எழுதி முடித்ததும் சித்திக்கு வாசித்துக் காட்டினேன். கடைசியில் கையை நீட்டி நிறுத்தினாள்.

"டீச்சர் சிரிச்சாவன்னா எழுதியிருக்க? இல்லட்டி, அழுதாவ. நீ என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்த. அவுக மொகத்த நாந்தான் பாத்தேன்."

எனக்கு அந்தச் சிரிப்பு இன்னமும் காதில் இருக்கிறது. அதனால் நான் எழுதியதை அடிக்கவில்லை. சித்தி சொன்னதையும் சேர்த்துவிட்டேன். பேசாமல் இருப்பவரிடம் போய்க் கேட்கும் பழக்கம்தான் அவரிடமிருந்து எனக்கு மிச்சம். அவரை நீங்கள் வேறு மாதிரிப் பார்த்திருந்தால் வந்து சொல்லுங்கள். சித்தியும் நானும் வீட்டில்தான் இருப்போம்.