மெழுகுக்குள் இருந்த வயிறு

நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல்லுக்கு மல்லிகை ஏற்றிவரும் வேன் ஸ்தனிஸ்லாஸுடையது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, கிளீனராக ஏறி, சொந்த வண்டி வரைக்கும் வந்த மனுஷன். யாருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லி ஊரில் எவரும் கேட்டதில்லை. கோயில் பக்கமும் தலைவைத்துப் படுக்கமாட்டார். பத்து வருஷமாக வயிற்றுவலி. அல்சர்தான் என்று தானே முடிவுகட்டி, சீட்டுக்கடியில் வைத்திருந்த வெள்ளை மருந்தைக் குடித்தே காலம் தள்ளினார்.

2005-ல் கறுப்பாக வெளிக்குப் போகவும் ஆள் பயந்துவிட்டார். திண்டுக்கல்லில் குழாய் விட்டுப் பார்த்து, சதைத்துண்டு எடுத்தார்கள். எடுத்த இடத்தில் ரத்தம் நிற்காமல் இரண்டு நாள் படுக்கை. ரிப்போர்ட்டைப் பார்த்த மதுரை டாக்டரம்மா, வயிற்றில் ஒருவகைப் புற்றுநோய் என்றார்.

"பயப்படாதீங்க. வயித்துல ஒரு கிருமி இருக்கு. அதுதான் இந்தக் கட்டியைத் தூண்டிவிடுது. கிருமியைக் கொன்னா, முக்கால்வாசிப் பேருக்குக் கட்டி தானாச் சுருங்கிரும். பதினாலு நாள் மாத்திரைதான்."

"மிச்சப் பேருக்கு?"

"சில பேருக்குக் கட்டியோட செல்லுக்குள்ள மரபணு உடைஞ்சு, எடம் மாறி ஒட்டியிருக்கும். அப்படி இருந்தா பெரும்பாலும் மாத்திரைக்குக் கேக்காது. ஊசி மருந்து, கரண்டு வைக்கிறதுன்னு போகணும்."

ஸ்தனிஸ்லாஸ் கொஞ்சம் யோசித்தார். "சாவியை உருவினாலும் நிக்காம, டைரக்ட் ஒயர்ல ஓடுற வண்டி மாதிரி."

"அதேதான்" என்று சிரித்தார் டாக்டரம்மா. "உங்களுது எந்த வண்டின்னு பாத்துருவோம். அந்தச் சதைத்துண்டைத் திண்டுக்கல்லுல மெழுகுக் கட்டியில பதிச்சு வச்சிருப்பாங்க. வாங்கிட்டு வாங்க, வெளியூர்ல பெரிய லேபுக்கு அனுப்பணும். தொலைச்சிராதீங்க. மறுபடி துண்டு எடுத்தா உங்க வயிறு தாங்காது."

திங்கட்கிழமை சாயங்காலம் அதை வாங்கிவந்தார். தீப்பெட்டியில் பாதி இருக்கும் வெள்ளை மெழுகு. அடியில் நம்பர் எழுதிய பிளாஸ்டிக். மனைவி வியாகுலம்மாளிடம் நீட்டினார்.

"பத்திரமா வையி. என் வயிறு இதுலதான் இருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். விளக்கிச் சொல்லும் பழக்கமும் அவருக்கு இல்லை.

புதன்கிழமை காலையில் மதுரைக்குக் கிளம்பியவர், அலமாரியைத் திறந்தால் பொருளைக் காணோம்.

"அந்த மெழுகு எங்க?"

"நேத்துச் செவ்வாக்கெழமைல்ல, அந்தோணியார் கோயில்ல காணிக்கையா வச்சுட்டேன்" என்றாள் வியாகுலம்மாள் சந்தோஷமாக.

கண் நோவுக்குக் கண், கால் நோவுக்குக் கால் என்று மெழுகில் உரு வாங்கிச் செவ்வாய்க்கிழமையில் அந்தோணியார் பீடத்தில் வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். வயிறு என்று மெழுகைக் கொடுத்ததும், மனுஷனுக்கு ஒருவழியாகப் பக்தி வந்துவிட்டது என்று அவள் பூரித்துப்போனாள்.

"அது உரு இல்ல. என் சதை. அதை வச்சுத்தான் எனக்கு என்ன வைத்தியம்னு பாக்கணும்."

"வாயத் தொறந்து சொன்னாத்தான தெரியும்? இருபது வருசமா உங்க உறுமலுக்கு நானா அர்த்தம் கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்கேன்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது. வண்டியில் முதலில் ஏறியது அவள்தான்.

கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை ராயப்பராஜ், சேர்ந்த மெழுகையெல்லாம் புதன்கிழமைதோறும் உருக்கி மெழுகுத்திரி வார்க்கிறவர். இவர்கள் போனபோது அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. ஸ்தனிஸ்லாஸ் எட்டிப் பார்த்தார். எல்லாம் தண்ணியாகக் கிடந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். வியாகுலம்மாள்தான் விவரத்தைச் சொன்னாள்.

"பிளாஸ்டிக் ஒட்டினதா?" என்றார் ராயப்பராஜ். "உருகினா நாறுமேன்னு கத்தியால செதுக்க ஆரம்பிச்சேன்க்கா. ஓரத்தச் சீவினதும் உள்ள பச்சைப்பயறு கணக்கா இறைச்சி தெரிஞ்சுச்சு. இது ஆரோ ஒருத்தரோட ஒடம்புன்னு மனசுக்குப் பட்டுச்சு. கை ஓடல. தனியா வச்சுட்டேன்."

ஒரு கிண்ணத்தில், துணி போட்டு மூடி, நிழலில் வைத்திருந்தார். ஸ்தனிஸ்லாஸ் அதை இரண்டு கையாலும் வாங்கினார். அதை மடியில் வைத்துவிட்டு, அந்த மனுஷனின் மெழுகுபடிந்த கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இருக்கட்டும்ண்ணே. மொதல்ல மதுரைக்குப் போங்க."

ஓரம்தான் போயிருந்தது, சதைக்குச் சேதமில்லை. மெழுகை லேபுக்கு அனுப்பிவிட்டு, ரிப்போர்ட் வருவதற்குள் பதினாலு நாள் மாத்திரையை விழுங்கினார். வாயெல்லாம் தகரம் நக்கியதுபோல் கசந்தது. சோறு இறங்கவில்லை. இருபத்தி இரண்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது. மரபணுவில் அந்த உடைசல் இல்லை.

"மாத்திரையே போதும்னு நம்பலாம். பொறுமையாப் பாப்போம்" என்றார் டாக்டரம்மா.

மூன்றாம் மாதம் கட்டி பாதியானது. ஒன்பதாம் மாதம் டாக்டரம்மா மறுபடி குழாய் விட்டுப் பார்த்து, "சுத்தமா இருக்கு. வருசாவருசம் மட்டும் வந்து காட்டிட்டுப் போங்க" என்றார்.

ஸ்தனிஸ்லாஸ் எழுந்து நின்றார். "ரொம்ப நன்றிம்மா" என்றார். "அந்த லேபுல பாத்தவுக ஆருன்னு தெரியாது. அவுகளுக்கும் சொல்லிருங்க."

கதவருகே நின்ற வியாகுலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே வந்ததும் கேட்டாள்:

"எனக்கு?"

"ஒனக்கு எதுக்கு? கொண்டுபோய்த் தொலைச்சவ நீதான."

"கேட்டுக் கண்டுபிடிச்சதும் நான்தான்."

அவர் நாலு எட்டு நடந்தார். பிறகு நின்று, அவள் பக்கம் திரும்பி, அவளுக்கும் அந்த வார்த்தையைச் சொன்னார்.