‘கிடைக்கல டீச்சர்’ என்றவர்

மெக்கானிக் செல்வராஜ் போய்விட்ட செய்தி ஆட்டோவில் போகும்போது எனக்குத் தெரிந்தது. பிரேசர் டவுனில் அவருடைய ஷெட் மூடிக் கிடந்தது. ஷட்டரில் அவர் படத்தை ஒட்டியிருந்தார்கள். ஆட்டோவை அவர் வீட்டுப் பக்கம் திருப்பச் சொன்னேன். இரண்டு வருடங்களுக்கு முன்பென்றால் என் காரில் போயிருப்பேன். இதைப் படிக்கும், அவரிடம் வண்டி விட்ட நீங்கள் எல்லோரும் அவரைப் பற்றி நல்லதாகவே சொல்வீர்கள். நானும் சொல்வேன். அதோடு நிறுத்த என்னால் முடியவில்லை.

என் கணவர் காலமான பிறகு, காக்ஸ் டவுனிலிருந்து எங்கே போவதானாலும் நானே ஓட்டிக்கொண்டு போவேன். ஓய்வு பெற்ற பின் எனக்கென்று மிஞ்சியிருந்தது அந்தச் சுதந்திரம்தான். ஒரு கோடையில் கார் வழியில் திடீரென்று நிற்கத் தொடங்கியது. ஒரு நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். கம்பெனி சர்வீஸில் மூன்று முறை கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். ஒரு கோளாறும் பதிவாகியிருக்கவில்லை. மூன்றாவது முறை அங்கிருந்தவர் என்னை விட்டுவிட்டு என் மகன் பிரபுவிடம் பேசினார். அம்மா கிளட்சைச் சரியாக மிதிப்பதில்லை போலிருக்கிறது என்றார்.

செல்வராஜ் அப்படிச் சொல்லவில்லை. “நிக்கும்போது வண்டிக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டருக்கே கரண்ட் போயிடுதோ இன்னாவோ. தூங்கிட்டிருந்த வாட்ச்மேனாண்ட திருடன் எப்படி இருந்தான்னு கேட்டா இன்னா சொல்லுவான், டீச்சர்?”

உதாரணம் என்றால் எனக்குக் கொள்ளைப் பிரியம். நானும் ஒன்று சொன்னேன். வருடம் முழுக்கச் சேட்டை செய்யும் வகுப்பு, இன்ஸ்பெக்டர் வரும் அரைமணி நேரம் மட்டும் கைகட்டி உட்கார்ந்திருக்கும். அவரும் ‘ஒழுங்கான வகுப்பு’ என்று எழுதிவிட்டுப் போவார். செல்வராஜ் சிரித்துவிட்டு, ஒரு நோட்டு போடச் சொன்னார். நிற்கும் ஒவ்வொரு முறையும் இடம், வெயில், எவ்வளவு தூரம் ஓடியது, ரோடு எப்படி என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

பதினொரு முறை எழுதினேன். பெரும்பாலும் நடுப்பகலில், அல்சூர் ஏரி தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் நின்றிருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்த இரண்டு நாளும் அது நிற்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. “நல்லா இருக்கும்போது பாத்தா எல்லாமே நல்லாத்தான் இருக்கும். மாட்டும், விடுங்க” என்றார். வண்டியையும் நோட்டையும் அவரிடம் விட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்துப் போனேன். ஸ்பானரைத் துடைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல், “கிடைக்கல டீச்சர்” என்றார்.

அவருக்கே கிடைக்கவில்லையென்றால் தப்பு என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று நம்பினேன். பிரபு காரை விற்றான். கணக்கு டீச்சராக இருந்த நான் என் இடது காலைச் சந்தேகப்பட்டேன். பிறகு கேஸை அணைத்தேனா என்று இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்க்கும் பழக்கமும் வந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் மனைவி மேரி அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் செல்வராஜின் கையெழுத்து இருந்தது. ‘பேட்டரி அடியில எர்த் ஒயர். உறைக்குள்ள அறுந்திருக்கு. சூடாகிக் குலுங்கினா விடுது. மாத்தியாச்சு. டீச்சர் மேல தப்பு இல்ல.’

மேரியை நிமிர்ந்து பார்த்தேன். “உங்க பையன் வந்து கெஞ்சினாரு டீச்சர். இந்த வயசுல அம்மா ஓட்ட வேணாம், கிடைக்கலன்னே சொல்லிடுங்கன்னு. உங்களாண்ட பொய் சொன்ன அன்னிக்கு இவரு சாப்பிடவே இல்ல.”

ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டால் சரியாகிவிடுமா என்று துக்க வீட்டில் கேட்கவில்லை. இங்கே கேட்கிறேன்.

பிரபு பயத்தில் செய்தான். அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் செல்வராஜ், எல்லோரும் கம்ப்யூட்டரை நம்பியபோது என்னை நம்பியவர் நீங்கள் ஒருவர்தான். அது பார்க்காததால் ஒன்றுமில்லை என்றது. நீங்கள் பார்த்துவிட்டும் கிடைக்கவில்லை என்றீர்கள்.

நோட்டு இனி என்னிடம் இருக்கும். உங்கள் மேல் உள்ள கோபமும் இருக்கும். கேஸை அணைத்தேனா என்று சந்தேகம் வந்தால் இப்போது அடுப்பங்கரைக்குப் போவதில்லை. அந்தக் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன்.